பச்சைமலைப் பெண்ணும் கல்வராயன் பாட்டும்

பச்சைமலையில் பிடித்த பெண் வெட்டுக்கிளி, மணலூர்பேட்டை வீட்டில் வலைக்கூண்டுக்குள் அசையாமல் நின்றது. கூண்டை ஒட்டி வைத்த ஸ்பீக்கரில் கல்வராயன் மலை ஆணின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா மதி, பொண்ணுக்கு மாப்பிள்ளைய புடிக்கலையா?" கரும்புக் கொல்லையிலிருந்து வந்த அண்ணன் தமிழரசன் எட்டிப் பார்த்தான்.

"புடிக்காமப் போனாதாண்ணா எனக்கு நல்லது," என்றாள் எழில்மதி.

ஒரு காலத்தில் இரண்டு மலைகளுக்கும் நடுவே தரையிலும் ஈரக்காடு பரவியிருந்தது. பிறகு மழை குறைந்து தரைக்காடு காய்ந்துபோனது. பறக்க முடியாத இந்தக் குட்டை இறக்கைப் பூச்சிகள் குளிர்ந்த உச்சிகளில் மட்டும் தப்பி, மலைக்கொரு கூட்டமாகத் தனித்துப்போயின. இந்த மலைப் பாட்டு அந்த மலைக்குப் புரியவில்லை என்றால் இரண்டும் வேறு வேறு இனம். புதிய இனத்துக்குப் பெயர் வைப்பவள் எழில்மதி. அவளுடைய ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியர் முடிவுக்காகக் காத்திருந்தார்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சைமலை ஆணின் பாட்டையும் போட்டாள். சொந்த மலைப் பாட்டு. பெண் அதற்கும் அசையவில்லை.

அப்போதுதான் எழில்மதிக்குத் தன் தவறு புரிந்தது. இவை குளிரில் நிதானமாகப் பாடும். சூடு ஏற ஏற வேகம் கூடும். கேட்கிற பெண்ணின் காதும் அதற்கேற்ப மாறும். மலைக்குளிரில் பதிந்த பாட்டைப் புரட்டாசி வெக்கையில் போட்டிருக்கிறாள். பிறந்ததிலிருந்து பழகிய வெக்கை. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

"அண்ணா, கல்வராயன் மேல வெள்ளிமலை போவணும். இப்பவே."

"பூச்சிக்கு ஹனிமூனா?"

"கிண்டல் பண்ணாத. அங்க இது கல்வராயன் பாட்டத் தேடி நடந்துச்சுன்னா என் ஆராய்ச்சியே கவுந்துடும்."

"அப்ப இன்னாத்துக்குப் போறோம்?"

அவள் கூண்டின்மேல் ஈரத்துணியைப் போர்த்தினாள்.

வெள்ளிமலையில் பொழுது சாய்ந்து காற்று சில்லிட்டது. பூச்சி தெளியும்வரை காத்திருந்து பச்சைமலைப் பாட்டைப் போட்டாள். பெண் ஸ்பீக்கர் பக்கம் நடந்தது. கூண்டைத் திருப்பி வைத்துக் கல்வராயன் பாட்டைப் போட்டாள். பெண் நின்றது. காது இருக்கும் முன்னங்காலை மெல்லத் தூக்கியது. பிறகு அந்தப் பாட்டை நோக்கி நடந்தது.

"கவுந்துடுச்சா?" அண்ணன் தணிந்த குரலில் கேட்டான்.

"ஒண்ண வெச்சு சொல்ல முடியாது. இன்னும் நெறைய பொண்ணுங்களப் பாக்கணும்."

"அத்தினிக்கும் நாந்தான் வண்டி ஓட்டணுமா?"

அவள் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. எத்தனை ஆயிரம் வருடப் பிரிவு. பூச்சி, கூண்டு வலையில் முன்னங்கால்களை வைத்துப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.