பெயர் மட்டும் இருக்கிறது

திரை கெட்டுவிட்டது என்று யாராவது போன் செய்தால், பத்தில் ஒன்பது முறை திரை கெட்டிருக்காது. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ரவாங்கில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் சேர்ந்து இரண்டு வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான். ஆனால் புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிராணி கனகலிங்கம் போனில் அதட்டிய அதட்டலில், என் முதலாளி ஒரு புதுத் திரையையே வேனில் ஏற்றி என்னை அனுப்பிவிட்டார். தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் வருடத்திலும் கிராணி பேசினால் கட்டளையாகத்தான் காதில் விழுந்தது. நான் பத்தாங் காலியில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவன். அந்தக் குரல் எனக்கு நல்ல பழக்கம். பிடிக்கத்தான் பிடிக்காது.

ஆபீஸ் வாசல் பெஞ்சில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நான் திரையைச் சுமந்துகொண்டு வருவதைப் பார்த்ததும் ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"கம்ப்யூட்டர் செய்யிற தம்பியா? நல்லா பாருங்க லா தம்பி. இன்னிக்கு எப்படியாச்சும் ஆயிடணும்."

உள்ளே கனகலிங்கம் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடத்துக்குப் பக்கமாக இந்தத் தோட்டத்தில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"அவதான் தாயம்மா. மூண்டு கிழமையா வந்து வந்து போறா. திங்கக்கிழமை கோலசிலாங்கூரில அவவுக்குக் குடியுரிமை இன்டர்வியூ. இஞ்ச எங்கட தோட்டத்து ஆஸ்பத்திரியிலதான் பிறந்தவ எண்டு, பதிவைப் பாத்து நான் ஒரு கடிதம் குடுக்க வேணும்."

மேற்கொண்டு அவர் விளக்கத் தேவை இருக்கவில்லை. எங்கள் லயத்திலும் இந்தக் கதை உண்டு. தகப்பன் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டிருப்பார். பிள்ளை இங்கேயே பிறந்து வளர்ந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு நிற்கும். தோட்டம் கைமாறிவிட்டது, வருடக் கடைசியில் லயத்தை இடிக்கப் போகிறார்கள். குடிமக்களுக்கான நீலக் கார்டு கிடைத்தால்தான் தாயம்மா அரசாங்கத்தின் மலிவு வீட்டுக்கு மனுப் போட முடியும். புருஷன் செத்துப்போனவர், இரண்டு பிள்ளைகளோடு போக வேறு இடம் இல்லாதவர்.

கனகலிங்கம் கம்ப்யூட்டரைப் போட்டார். பச்சை எழுத்தில் பெயர்ப் பட்டியல் வந்தது. நானூற்றுப் பதினேழு, தாயம்மா, தகப்பன் பெயர் செல்லமுத்து. அவர் பொத்தானை அழுத்தினார். திரை முழுக்க சின்னச் சின்ன முகங்கள் சிரித்தன. நடுவே சீட்டுக்கட்டில் வரும் ஹார்ட்டின்கள், கோடுகள், பாதி எழுத்துகள்.

"பாத்தீங்களோ? பேர் வடிவாத் தெரியுது. உள்ளுக்குப் போனா இந்தக் கூத்து. திரைதான் பழுது."

புதுத் திரையை மாட்டினேன். அதே முகங்கள், இன்னும் பளிச்சென்று சிரித்தன.

"உங்கட புதுத் திரையும் பழுதோ?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேசைக்குப் பின்னால் குனிந்தேன். பட்டையான ஒரு ஒயர் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பி அலமாரிக்குப் பின்னால் போனது. இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. மறுமுனையில் ஒன்றுமே இல்லை. அலமாரி மேல் ஒரு சதுரம் மட்டும் தூசி படியாமல் இருந்தது.

"இங்க என்னய்யா இருந்திச்சு?"

"ஒரு இரும்புப் பெட்டி. பழைய கம்பெனிக்காரர் தோட்டத்தை வித்திட்டுப் போகேக்க, தங்கட ஸ்டிக்கர் ஒட்டின சாமானெல்லாம் ஏத்தினவை. அதையும் நான்தான் கையெழுத்து வச்சுக் குடுத்தனான். கரண்டுப் பெட்டி எண்டு நினைச்சன். அதில எழுத்தும் இல்லை, பொத்தானும் இல்லையே."

அது கரண்டுப் பெட்டி இல்லை, விவரங்களைச் சேமித்து வைக்கும் பெட்டி, பெயர்ப் பட்டியல் மட்டும்தான் இங்கே செருகும் மெல்லிய ஃப்ளாப்பித் தட்டில் இருக்கிறது, பிறந்த தேதி, தாய் தகப்பன் விவரம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டன என்று சொன்னேன். பொருளடக்கம் கிடக்கிறது, புத்தகம் போய்விட்டது என்றேன்.

அவர் நம்பவில்லை. "பேர் இருக்குதே தம்பி," என்று திரையைக் காட்டினார். பிறகு கோலாலம்பூரில் பழைய கம்பெனிக்குப் போன் போட்டு இங்கிலீஷில் அதிகாரமாக ஆரம்பித்தார். போகப் போகக் குரல் இறங்கியது. போனை வைத்தபோது அந்தப் பெரிய கிராணியின் மிடுக்கு போயிருந்தது.

"பெட்டிக்குள்ள இருந்ததெல்லாம் துடைச்சுப்போட்டு ஜொகூர்த் தோட்டத்துக்கு அனுப்பிட்டினமாம்."

"பழைய பதிவுப் புத்தகம் இருக்கும்ல? அதப் பாத்து எழுதிடலாமே."

கண்ணாடியைக் கழற்றினார். "எரிச்சாச்சு. கம்ப்யூட்டரில ஏத்தி முடிஞ்சா பழசை அழிக்கச் சொல்லி உத்தரவு. ரெண்டு வருசம் ரெண்டு விரலால தட்டினனான் தம்பி. ஒரு பிழை இல்லை."

"நீங்களா எழுதிக் குடுங்க. உங்களுக்குத் தெரியாதா அவங்கள?"

"பதிவைப் பாத்து எழுதினது எண்டு கையெழுத்து வைக்க வேணும். பதிவைக் கொண்டா எண்டா எங்க போறது? நான் இஞ்ச வரேக்க அவவுக்குப் பன்னிரண்டு வயசு. அவ பிறந்ததை நான் காணேல்லை."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "அடுத்த கிழமை சரியாகும் எண்டு நீங்களே அவவுக்குச் சொல்லிட்டுப் போங்கோவன்."

"நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க."

ஒரு கிராணியிடம் இப்படிப் பேச என் அப்பாவால் கடைசி வரை முடிந்ததில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கிராணி கூப்பிட்டதும் தாயம்மா செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தார். கனகலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, பெட்டி போனதையும் புத்தகம் எரிந்ததையும் ஒளிக்காமல் சொன்னார். தாயம்மா திரையைப் பார்த்து, தன் பெயர் எது என்று கேட்டார். நான் விரல் வைத்துக் காட்டினேன்.

"இருக்குதானே?" என்றார்.

"பேரு மட்டும்தான்கா. வேற ஒண்ணும் இல்ல."

அவர் கிராணி பக்கம் திரும்பினார். "அந்தத் தடி அட்டைப் புத்தகமாய்யா?"

"ஓம்."

"நான் ஆபீசு கூட்டிக்கிட்டு இருந்தப்ப எடுத்துப் போட்டீங்களே, அதா? குழியில போட்டுக் கொளுத்துன்னுதான் சொன்னீங்க. நாந்தான் அடுப்புக்குத் தாங்கய்யான்னு கேட்டு வாங்கிட்டுப் போனேன். அடமழ, வெறகெல்லாம் நனைஞ்சி கெடந்திச்சு. மூணு நாளு அதுலதான் சோறாக்கினேன்."

யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. தப்பு தன்னுடையதுதான் என்று அவரிடம் ஒப்புக்கொள்வதைப் போல இருந்தது. எனக்குக் கனகலிங்கத்தைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டி என்ன ஆகப்போகிறது?

தாயம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப திங்கக்கெழம நான் போவணுமா, வேணாமாய்யா?"

கனகலிங்கம் என்னைப் பார்த்தார். தாயம்மாவும் என்னைப் பார்த்தார். போங்கக்கா என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.