குனியாத தலையும் லேசர் வெளிச்சமும்

பெரியவருக்கு ஆறடி உயரம். கூன் என்பது அவருடைய பரம்பரையிலேயே கிடையாது. கதவு நிலை தாழ்வாக இருந்தால் குனிந்து நுழைய மாட்டார். நிலையை உயர்த்திக் கட்டச் சொல்லிவிட்டு, கட்டி முடிந்த பிறகுதான் வருவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டின்மேல் சம்பந்தி பழி போட்டால் சும்மா இருப்பாரா?

விஷயம் இதுதான். மருமகள் மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சுவரொட்டி வரைகிறாள். தெருவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பாவின் அச்சகம். படம் ஒவ்வொன்றும் ராட்சச அளவு. கேபிள் போடலாமென்றால், புதிதாகப் போட்ட சாலையைத் தோண்டக் கூடாது என்று தடை. ஆகவே இரண்டு மொட்டைமாடியிலும் கம்பம் நட்டு ஆளுக்கொரு பெட்டியை மாட்டினார்கள். இந்தப் பெட்டி லேசர் வெளிச்சத்தை வீசும். அந்தப் பெட்டி பிடித்துக்கொள்ளும். படமெல்லாம் அந்த வெளிச்சத்தில் ஏறித் தெருவைத் தாண்டிவிடும். வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது.

“ரெண்டு பெட்டியும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்” என்றான் மெக்கானிக்.

“எங்க பெட்டி எவன் மூஞ்சியையும் நேரா பாக்கும். அந்தப் பெட்டிக்கு அந்தத் தைரியம் இருக்கான்னு அங்க போய்க் கேளு” என்றார் பெரியவர்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு முழங்கால் வலி என்று பெரியவர் தெருவில் நடப்பதை விட்டுவிட்டு, மொட்டைமாடியில் உலாவத் தொடங்கினார். அன்றைக்கே சம்பந்தியிடமிருந்து போன் வந்தது.

“பற்பசை விளம்பரத்துப் பொண்ணு மூக்கு வரைக்கும்தான் வந்திருக்கு சம்பந்தி. பல்லு வரல. பல்லு இல்லாம பற்பசையை எப்படி விக்கிறது? கோளாறு உங்க பக்கம்தான்.”

“எங்க பக்கமா? எங்க வீட்டுலயா?” பெரியவருக்கு மீசை துடித்தது. “தப்பு எங்க மேலன்னு ஆகட்டும், உங்க அச்சகத்து வாசல்ல வந்து, எல்லார் முன்னாலயும் தலை குனிஞ்சு நிக்கிறேன்!”

சொன்ன சொல் சொன்னதுதான். குடும்ப மானம் இப்போது அந்தக் கம்பத்தில் தொங்கியது. காக்காய்தான் குறுக்கே பறந்து சதி செய்கிறது என்று முடிவுகட்டிய பெரியவர், கைத்தடியோடு மாடிக்குப் போய், பெட்டிக்கு முதுகைக் காட்டி, எதிர்மாடியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். ஒரு காக்காய் அண்டவில்லை. ஒரு பல்லும் போய்ச் சேரவில்லை. போன் அடிக்க அடிக்க, அவர் இன்னும் நிமிர்ந்தார்.

மருமகள் மெக்கானிக்கை வரவழைத்தாள். அவன் பெட்டியைப் பார்த்தான், பெரியவரைப் பார்த்தான்.

“ஐயா, கொஞ்சம் குனிங்க.”

“எதுக்கு?”

“சும்மா குனிங்களேன்.”

“நான் காரணத்தோடயே குனியறதில்ல. சும்மா வேற குனியணுமா?”

“கோளாறு உங்க தலையிலதான் இருக்கு ஐயா.”

“என்னடா சொன்ன?”

மருமகளுக்குத் திடீரென்று இருமல் வந்தது. “தலை வெளிச்சத்தை மறைக்குதாம், மாமா. அதைத்தான் சொல்றாரு.”

பெரியவர் மெல்லத் திரும்பினார். வெளிச்சம் தடைபட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு, பெட்டியிலிருந்து அவர் நெற்றிக்கு நேரே முறைத்தது.

“கம்பத்தை உயர்த்து” என்றார், குரலைத் தாழ்த்தி.

“அந்தப் பக்கமும் உயர்த்தணும். ஏன்னு கேட்டா அவர்கிட்ட காரணம் சொல்லணுமே.”

காரணமா? சொன்னால் அச்சகத்து வாசலில் தலை குனிந்து நிற்கவேண்டுமே! அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும்? எதிர்மாடியின் கதவு திறந்தது. சம்பந்தி! கழுத்தில் பைனாகுலர் வேறு!

“மாமா, தலை!” என்றாள் மருமகள்.

வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரியவர் குனிந்தார். செருப்பு வாரைச் சரிசெய்வதாகப் பாவனை. காலில் செருப்பில்லை. விளக்கு பச்சையானது.

“பல்லு போகுது, மாமா! அப்படியே இருங்க!”

எதிர்மாடியில் சம்பந்தி பைனாகுலரைக் கீழே விட்டார். யார் முன்னாலும் வளையாத மனுஷன், தெருவைத் தாண்டித் தனக்கு வணக்கம் வைக்கிறாரே! அவருக்கு மனசு உருகிப்போனது. பெட்டி அங்கே வயிற்று உயரத்தில் இருந்தது. அதற்கு முன்னால் ஓடி வந்து, இரண்டு கையையும் கூப்பி, தன் பெருத்த உடம்பை மடித்துப் பதில் வணக்கம் வைத்தார்.

விளக்கு சிவப்பானது.

“பாதிப் பல்லோட நின்னுடுச்சு, மாமா!”

குனிந்தபடியே பெரியவர் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தெருவே அதிரக் கத்தினார்:

“கோளாறு எந்தப் பக்கம்னு இப்பத் தெரியுதா சம்பந்தி?”

நடந்ததை மருமகள் போனில் அப்பாவுக்குச் சொல்லி, இங்கே நாற்காலியும் அங்கே தரையில் பாயும் போட்டு இருவரையும் உட்காரவைத்தாள். பற்கள் முழுசாகப் போய்ச் சேர்ந்து, சுவரொட்டியும் அச்சாகிவிட்டது. ஆனாலும் இரண்டு பேரும் இன்னும் எழுந்திருக்கவில்லை. முதலில் எழுந்து மறைப்பவர் வீட்டில்தானே கோளாறு?

“மாமா, சாப்பிட வாங்க.”

“அவரை முதல்ல எழுந்திருக்கச் சொல்லும்மா.”