நெயில் பாலிஷ் வைத்த கார்

எங்கள் பழைய மாருதியின் பானட்டைத் திறந்தால் உள்ளே நான்கு மூடிகளில் நெயில் பாலிஷ் இருக்கும். பிரேக் ஆயிலுக்குச் சிவப்பு, இஞ்சின் ஆயிலுக்கு மஞ்சள், கூலன்டுக்குப் பச்சை, வைப்பர் தண்ணீருக்கு நீலம். என் அக்கா ஃபெமினா, தான் கல்லூரிக்குப் போன காலத்தில் வாங்கியவை. அவள் விரலைவிடக் காரில்தான் அவை அதிக நாள் நின்றன.

காரணம் அம்மா. பத்து வருடத்துக்கு முன், ஆனைமலையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய காலையில், கூலன்ட் டப்பா குறைந்திருப்பதைப் பார்த்தாள். அடியில் கிடந்தது பச்சையாக இருந்தது. அவள் தலைக்குத் தேய்த்து மிஞ்சிய அரப்புத் தண்ணீரும் பச்சையாக இருந்தது. ஊற்றிவிட்டாள். கிணத்துக்கடவு தாண்டியதும் கார் ஆவி விட்டு நின்றது. சாலை முழுக்கத் தலைமுழுகிய வாசனை. மெக்கானிக் வரும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்து, கல்யாண வீட்டுக்கு வாங்கிய மைசூர்பாகை நாங்களே சிரித்துச் சிரித்துத் தின்று தீர்த்தோம். நால்வரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி. அக்கா இப்போது ஓசூரில் இருக்கிறாள்.

மறுநாள் அப்பா மூடிகளுக்கு நிறம் பூசினார். பிரேக்கில் இஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பரெல்லாம் ஊதிப்போகும் என்று எங்களுக்கு வகுப்பும் எடுத்தார். அம்மாதான் முதல் மாணவி.

இப்போது அப்பாவுக்கு முழங்கால் வலி. காரை விற்றுவிடலாம் என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது. இருந்தாலும் அது போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காரை விலைக்குப் பார்க்க அந்தியூரிலிருந்து சசிதர் என்பவர் வந்தார். அந்த ஊர்க் குதிரைச் சந்தையில் குதிரை வாங்கிப் பழகியவர். பல்லைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு அப்பாவோடு காபி குடிக்க உள்ளே போனார். நான் ஒரு சொம்பு அரப்புத் தண்ணீரோடு பச்சை மூடியைத் திறந்தேன். பின்னாலிருந்து அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"பிராங்கு கண்ணு, அதுல ஊத்திப்போடாத. இஞ்சின் கெட்டுப்போயிரும். நீலத்துல ஊத்து."

சொம்பை வாங்கி, முந்தானையில் வடிகட்டியும் கொடுத்தாள்.

சசிதர் திரும்பி வந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். ஹாரன் அடித்தார், விளக்குப் போட்டார், வைப்பர் தண்ணீரை அடித்தார். கண்ணாடி முழுக்கப் பச்சையாக வழிந்தது. இறங்கி, விரலில் தொட்டு மோந்தார்.

"ஏனுங்க, இது அரப்புங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தென்னை மரத்தைப் பார்த்தாள். நான் சொம்பைப் பார்த்தேன். அப்பாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. புளியமரத்தடிச் சிரிப்பு.

"மன்னிச்சுக்கோங்க," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த வண்டியக் குடுக்க எங்கூட்டுல யாருக்கும் மனசில்லீங்க. எனக்குந்தான்."

சசிதர் இன்னொரு காபி குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அப்பா வைப்பர் டப்பாவைக் கழற்றி மூன்று முறை அலசினார். பிறகு அக்காவின் பழைய பெட்டியில் கறுப்பு நெயில் பாலிஷைத் தேடி எடுத்து, சமையலறைக்குப் போய், அரப்பு டப்பாவின் மூடியில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.