கரையை வெட்டச் சொன்னவள்

என் அண்ணன் மரம் நடுகிறான் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். பதினான்கு வருடங்களுக்கு முன்னால் இயந்திரத்தைக் கொண்டுவந்து, கழிமுகத்தில் இருந்த கண்டல் காட்டை, அதுதான் அலையாத்திக் காட்டை, வேரோடு பிடுங்கிப் போட்டவன் அவன்தான். காடு இருந்த இடத்தில் ஆறு இறால் குட்டைகள் வெட்டினான். இப்போது அந்தக் காட்டைத் திரும்ப உண்டாக்க ஒரு திட்டம் வந்ததும், முதல் ஆளாகப் போய்க் குழுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். வெட்கம் என்பது அவன் இருந்த பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நானும் அதே வீட்டில்தான் பிறந்தேன், அது வேறு விஷயம்.

அந்தக் காட்டில் நண்டு பிடித்துத்தான் நானும் என் வீட்டுக்காரரும் பிழைத்தோம். வேர்களுக்கு அடியில் வளை தேடி, கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தால் பொழுது ஏறுவதற்குள் ஒரு கூடை நிறையும். காடு போனது, நண்டும் போனது. குட்டையில் பங்கு தருகிறேன் என்று சத்தியம் செய்த அண்ணன், கடைசியில் கையை விரித்தான். என் வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் தூரக்கடல் படகில் வேலைக்குப் போனார். மூன்றாவது மாதம் படகு கவிழ்ந்துவிட்டது. அண்ணன் வந்து வாசலில் நின்று, "எல்லாம் விதி தங்கச்சி" என்றான்.

விதியாம்! அந்த விதி இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். ஊர் பார்க்க இவன் மூக்கு உடைபட வேண்டும், அதை நான் நின்று பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் கறுவிக்கொண்டேன்.

ஆறு குட்டைகளில் ஐந்தில் நோய் விழுந்து இறால் செத்தது. அவற்றை அப்படியே போட்டுவிட்டான். ஒன்று மட்டும் ஓடியது. பழைய வாய்க்கால் கடலிலிருந்து உள்ளே நுழைந்த வாயை அடைத்து வெட்டிய குட்டை அது.

திட்டத்துக்குப் பொறுப்பாக வந்த ஆபீசர் சின்ன வயசுப் பெண். முழங்கால் வரை சேற்றில் இறங்கக் கூச்சப்படாதவள். எங்கே நடலாம் என்று அவள் கேட்டபோது, அண்ணன் தகரக் கொட்டகையில் வரைபடத்தை விரித்து, குட்டைகளுக்கு வெளியே கடலோரம் கிடந்த வெளிச்சேற்றில் விரலை வைத்தான். நாற்பது பெண்கள் போய் நட்டோம். கண்டல் காய் முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கும். கூரான முனையைச் சேற்றில் குத்தினால் போதும். குத்தும்போதே எனக்குத் தெரியும், ஒன்றுகூடத் தேறாது. கண்டலுக்குத் தண்ணீர் வந்து வந்து வடிய வேண்டும். வெளிச்சேறு பள்ளம், நட்ட காயின் கழுத்துவரை நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும். மேட்டு நிலமெல்லாம் கடல் தண்ணீர் ஏறாமல் குட்டைகளுக்கு உள்ளே கிடந்தது. வாய்க்கால் வாயைத் திறந்துவிட்டால் கடலே காயைக் கொண்டுவந்து போட்டு முளைக்க வைக்கும். வாய்க்கால் வாய் வரை போய் நண்டு பிடித்தவர்கள் நானும் என் வீட்டுக்காரரும்தான், மற்றப் பெண்களுக்கு இது தெரியாது.

சொன்னேனா? சொல்லவில்லை. தேறினால் பேர் அவனுக்குப் போகும். செத்தால் கேவலம் அவனுக்கு.

முதல் வருடம் அத்தனையும் அழுகியது. ஆபீசர் ஒரு தண்டைப் பிடுங்கி வந்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்க சின்ன வயசுலேருந்து இங்கதானேம்மா இருக்கீங்க? ஏன் சாகுதுன்னு உங்களுக்கு எதாவது தோணுதா?"

"எனக்கென்ன மேடம் தெரியும்? காட்டின இடத்துல நடுறவங்க நாங்க."

அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அந்த வருடக் கடைசியில் என் மகள் பையைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். பத்தொன்பது வயது. டவுனில் மீன் பதனிடும் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள்.

"அம்மா, இங்க திரும்ப நண்டு வருமா வராதா? ஒரே ஒரு வார்த்தை சொல்லு. வரும்னா நான் போகல."

"அதெல்லாம் யாருக்குடி தெரியும்?" என்றேன்.

அவள் போனாள். ஐஸ் அறையில் வேலை. விரல் மரத்துப்போகிறது என்று போனில் சொல்வாள். கையுறை வாங்கிக்கொள் என்பேன்.

இரண்டாம் வருடமும் நட்டதெல்லாம் செத்தது. ஊர் அண்ணனைக் கேலி பேச ஆரம்பித்தது. டீக்கடையில் அவனைப் பார்த்ததும், "தலைவரே, இந்த வருஷம் எத்தனை மரத்துக்குக் கருமாதி?" என்று கேட்டார்கள். என் காதில் தேன் பாய்ந்தது.

மூன்றாம் வருடம் நடுவதற்கு முன்னால் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். ஆபீசர் எழுந்து, "இந்தத் தடவையும் செத்துட்டா திட்டத்தை மூடிடுவாங்க. அதுக்கப்புறம் யாரும் வரமாட்டாங்க" என்றாள்.

அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அதில் கவலையே இல்லை. திட்டம் போனால் அவனுக்கு நாற்காலிதான் போகும். குட்டை இருக்கும். நாலு நாள் கேலியோடு தப்பித்துவிடுவான். மகளுக்காக எழுந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். அவன் தப்பிப்பதைப் பொறுக்காமல்தான் எழுந்தேன்.

வரைபடத்தில் அவன் குட்டையின் மேல் விரலை வைத்தேன். "மேடம், வாய்க்கால் வாய் இங்க இருந்துச்சு. இந்தக் கரையை வெட்டினா போதும், நடவே வேண்டாம். இது எங்க அண்ணனுக்கு நல்லாத் தெரியும். குட்டை போயிடுமேன்னு வாய மூடிக்கிட்டு உங்களுக்கு வெளிச்சேத்தைக் காட்டினாரு."

கொட்டகை கொதித்தது. அண்ணன் வேர்த்துப்போனான். ஆனால் என் ரத்தமாயிற்றே, சும்மா விடுவானா?

"இவளுக்கு மட்டும் இன்னைக்குத்தான் ஞானோதயமா? ரெண்டு வருஷமா என் பக்கத்துல நின்னு நட்டாளே, கேளுங்க, தெரியுமா தெரியாதான்னு!"

எங்களோடு நண்டு பிடித்த பெண்களில் ஒருத்திக்குச் 'சவடால்' என்று பட்டப்பெயர். வாய் ஓயாதவள். அவள் மெதுவாகத் திரும்பி, "ஏண்டி, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

இரண்டு வருடம் குனிந்து குனிந்து நட்ட இடுப்பை அவள் கையால் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

கரையை அவன் கையாலேயே வெட்ட வேண்டும், இயந்திரம் கூடாது என்று நான்தான் சொன்னேன். ஊரும் சரி என்றது. மறுநாள் எல்லோரும் கூடி நின்றோம். சவடால் ஒரு மண்வெட்டியை அண்ணனிடம் கொடுத்தாள். இன்னொன்றை என் காலடியில் போட்டாள். "நீயும் எறங்குடி" என்றாள்.

கரைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். வெட்டிக்கொண்டே போனோம். அவன் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து பிடியெல்லாம் ரத்தம். தண்ணீர் பொத்துக்கொண்டு பாய்ந்து இறாலை அள்ளிக்கொண்டு போனபோது, ஊர் பார்க்க அவன் சேற்றில் உட்கார்ந்து அழுதான். எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன், அப்படி இனித்தது.

யாரும் நடவில்லை. கடல் கொண்டுவந்த காய்கள் அங்கங்கே நின்று வேர்விட்டன. இரண்டு வருடத்தில் இடுப்புயரம் வந்தன. முதலில் மீன் குஞ்சு, பிறகு கொக்கு, பிறகு சேற்றில் வளைகள். கம்பியை விட்டு இழுத்தேன். உள்ளங்கையை விடப் பெரிய நண்டு. கூடையைக் கீழே வைத்துவிட்டு, சேற்றுக் கையோடு மகளைக் கூப்பிட்டேன்.

"நண்டு வந்துடுச்சுடி! வேலையை விட்டுட்டுக் கெளம்பி வா."

அந்தப் பக்கம் அவள் ஐஸ் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வருவது கேட்டது.

"சவடால் அத்தை கூட்டம் போட்ட அன்னைக்கே எல்லாம் சொல்லிட்டாங்க" என்றாள். "நீயா சொல்வியான்னு ரெண்டு வருஷமாப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"உங்க அப்பாவை நெனச்சுத்தாண்டி நான்..."

"அப்பாவை மாமா அனுப்பினாரு. என்னை யாரும்மா அனுப்பினது?"

கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் கத்தவில்லை. அண்ணனிடம் நான் இத்தனை வருடம் எந்தக் குரலில் பேசினேனோ, அதே குரல். அவள் போனை வைத்தாள். மறுநாள் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பிறவி அவள், எத்தனை வருடம் எடுக்காமல் இருப்பாள் என்று எனக்குத் தெரியும்.