வாத்தோடு ஒரு பேரம்

அதன் விலை பூஜ்யம். வரி உட்பட பூஜ்யம், டெலிவரியும் இலவசம். காலையில் கணினியைத் தட்டி எழுப்பி, திரைக்கும் விசைப்பலகைக்கும் பிரிண்டருக்கும் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் அது. எந்தக் கம்பெனியும் அதைச் செய்யவில்லை. எங்கெங்கோ இருப்பவர்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதவர்கள், அவரவர் வேலை முடிந்து வந்து, சம்பளம் இல்லாமல் எழுதிச் சேர்த்தது. ஒருவர் எழுதினால் இன்னொருவர் குறை சொல்வார், மூன்றாமவர் திருத்துவார், நான்காமவர் நன்றி சொல்வார். நான்காமவர் எப்போதாவதுதான் வருவார்.

போல்ட், நட்டு, பைப் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணனுக்கு உலகத்தில் பிடிபடாத கணக்கு இது ஒன்றுதான். சரக்கு நயமான சரக்கு. எட்டு வருஷமாகக் கடையில் ஓடுகிறது. பிறகு ஏன் விலை இல்லை?

"பத்துக் காசாவது வெச்சிருக்கலாமே பாப்பா" என்பார். "நான் அஞ்சு காசுக்குக் கேட்டிருப்பேன். ஏழுல முடிஞ்சிருக்கும். ரெண்டு பேருக்கும் திருப்தியா இருந்திருக்கும்."

பாப்பா அவருடைய தங்கை. முப்பத்தாறு வயது, கண்ணாடி, ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்துக்குப் பொறுப்பு. இருந்தும் பாப்பாதான். அந்த சிஸ்டத்தில் பழைய பிரிண்டர்களைக் கவனிக்கும் பகுதி இவள் கையில் இருந்தது. செய்த கம்பெனியே கைகழுவிவிட்ட பிரிண்டர்களுக்கெல்லாம் இவள்தான் நாதி. பிரிண்டரை ஓட்டும் அந்த நிரலுக்கு டிரைவர் என்று பெயர். 'எங்க பாப்பா டிரைவர் எழுதறா' என்று அண்ணி ஒருமுறை உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட, லாரியா பஸ்ஸா என்று விசாரிப்பு வந்தது.

எழுதியது எங்கெங்கோ ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்த இடம் ஒன்றே ஒன்று, அண்ணன் கடை. சனிக்கிழமைதோறும் வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய ஊசி பிரிண்டர் மேல் டீ கிளாஸை வைத்துவிட்டு நிற்பாள். அண்ணி பட்டனைத் தட்டுவாள். கிர்ர் கிர்ர் என்று வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று தாளில் ஒரே அடியில் பில் இறங்கும். டீ கிளாஸ் நடுங்கும். அந்தச் சத்தம்தான் அவளுக்குச் சம்பளம்.

அந்தச் சனிக்கிழமை சத்தம் வரவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் புதிய பதிப்பை அவளே வந்து கடைக் கணினியில் ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். காலையில் அவள் வந்தபோது வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. ரோஸ் தாள் இல்லாமல் கிடங்கிலிருந்து ஒரு வாஷர்கூட நகரக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தில் இப்போது அவரே மாட்டிக்கொண்டு நின்றார்.

"வாம்மா, ஓசி கம்பெனி முதலாளி! உன் சரக்கு ராத்திரியோட ராத்திரியா ஊமையாயிடுச்சு."

"பேப்பர் சிக்கியிருக்கும்ண்ணா."

"பேப்பரும் சிக்கல, ஒண்ணும் சிக்கல. நான்தான் சிக்கியிருக்கேன். சரி, நானும் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். காசு குடுத்து வாங்கற சிஸ்டம் விக்கறாரே, அந்தக் கோட்டுப் போட்டவரு, அவரை நாலு மணிக்கு வரச் சொல்லிட்டேன்."

பாப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பிரிண்டர் மேல் இல்லை, மேஜை மேல்.

"கோவத்துல கூப்பிட்டுட்டாரு" என்று அண்ணி கிசுகிசுத்தாள். "ஆனா வர்றவரு வெறுங்கையோட போகமாட்டாரு. அதுக்குள்ள ஏதாவது பண்ணு."

பாப்பா கணினி முன் உட்கார்ந்து, சிஸ்டம் தனக்குள் எழுதி வைக்கும் குறிப்புகளைத் திறந்தாள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது: இந்த பிரிண்டர் யாரென்று எனக்குத் தெரியாது.

"இது என்ன மாடல்ண்ணா?"

"கறுப்பு மாடல்."

பிரிண்டரின் நெற்றியில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மூடிப்போன ஒரு பஸ் ஆபீஸிலிருந்து பாதி விலைக்கு அடித்துப் பேசி வாங்கிய அன்றைக்கே அண்ணன் ஒட்டியது. 'என் கல்லாவுல உட்கார்ந்து அவனுக்கு எதுக்கு ஓசி விளம்பரம்?' என்பது அன்றைய நியாயம். அண்ணி நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தாள். அடியிலிருந்து கம்பெனிப் பெயரும் ஓர் எண்ணும் எட்டிப் பார்த்தன.

பாப்பாவுக்குக் காது சூடானது.

அந்த எண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மாதம் முன்பு அதை சிஸ்டத்திலிருந்து வெட்டி எறிந்தவளே அவள்தான். எல்லாப் பழசையும் சுமந்துகொண்டே இருந்தால் சிஸ்டம் வீங்கிப்போகும். அவ்வப்போது கழிக்க வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. எழுதுகிறவர்கள் எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவில், 'இந்த மாடலை யாராவது வைத்திருக்கிறீர்களா? பதில் இல்லையென்றால் எடுத்துவிடுகிறேன்' என்று கேட்பது. கேட்டாள். ஒரு மாதம் காத்திருந்தாள். ஒரு குருவிகூடக் கத்தவில்லை. எடுத்துவிட்டாள். போல்ட் விற்கிறவர்கள் மின்னஞ்சல் குழு படிப்பதில்லை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கேட்ட வாரமும், வெட்டிய வாரமும், அதே பிரிண்டர் மேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டு நின்றவள் இவள்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள்.

"எதை?"

"இதை. மெயில்ல எல்லார்கிட்டயும் கேட்டு ஒரு மாசம் பார்த்தேன், யாருமே வெச்சிருக்கலன்னு நெனச்சேன்."

அண்ணன் அவளைப் பார்த்தார், பிரிண்டரைப் பார்த்தார், அண்ணி கையிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு கணம் அவருக்கே விளங்கவில்லை. "லாரிக்காரருக்கு வழி சொல்லு" என்றார் கடைசியில்.

அது சுலபம். வெட்டிய பகுதி எங்கும் போய்விடவில்லை. இந்த உலகத்தில் எதையும் அழிப்பதில்லை, ஓரமாக வைப்பதுதான். பழையதை எடுத்துப் புதியதோடு பொருத்தி, இரண்டு இடத்தில் உதைத்ததைச் சரிசெய்து, கடைக் கணினியில் மட்டும் ஏற்றினாள். அண்ணி பட்டனைத் தட்டினாள். கிர்ர் கிர்ர். லாரிக்காரர் ரோஸ் தாளைக் கிழித்துக்கொண்டு, "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லாத் தொழில்நுட்பத்துக்கும் கிடைக்கும் பாராட்டு அதுதான்.

பாப்பா சாய்ந்து உட்கார்ந்தாள். அண்ணன் சாயவில்லை.

"இது நிக்குமா?"

"இப்போதைக்கு ஓடும்."

"நான் கேட்டது அது இல்ல. அடுத்த பதிப்பு வரும்ல? அப்ப?"

வியாபாரியிடம் மழுப்ப முடியாது. அடுத்த பதிப்பு வந்தால் இந்த ஒட்டு பிய்த்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். "எல்லாருக்கும் போற பொதுப் பதிப்புல சேர்த்தாத்தான் நிக்கும்."

"சேர்த்துடு."

"நானா சேர்க்க முடியாதுண்ணா. யாராவது புகார் குடுக்கணும். அப்புறம் இன்னொருத்தர் பார்த்துச் சரின்னு சொல்லணும்."

"யாரு அந்த இன்னொருத்தர்?"

"வாத்து."

அந்த ஆளின் பெயர், வயது, ஊர் எதுவும் பாப்பாவுக்குத் தெரியாது. ஆறு வருஷமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். படம் வைக்கும் இடத்தில் ஒரு மஞ்சள் வாத்து இருக்கும். அவள் எழுதுவதில் பாதியை வாத்து திருப்பி அனுப்பும். மீதிப் பாதிக்கு 'ம்' என்று ஒப்புதல் தரும்.

"சரி, புகார் நான் குடுக்கறேன்" என்று அண்ணன் சட்டைக் கையை மடக்கினார். அவர் சொல்லச் சொல்லப் பாப்பா மொழிபெயர்த்துத் தட்டினாள்.

"ஐயா வாத்து அவர்களே! நான் உங்களோட எட்டு வருஷ வாடிக்கையாளர். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல..."

"இது வேண்டாம்ண்ணா."

"போடும்மா. முதல்ல மரியாதை, அப்புறம் மிரட்டல். அதுதான் முறை."

பதில் சீக்கிரமே வந்தது. பாப்பா படித்தாள்: "'இங்கே வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை. பிரிண்டர் மாடல் என்ன? எந்தப் பதிப்பு?'"

"ராங்கி புடிச்ச வாத்து" என்றார் அண்ணன். ஆனாலும் உட்கார்ந்து பதில் சொன்னார். விலை பேசும்போது முறைத்துக்கொள்கிற ஆளிடம் அவருக்கு எப்போதுமே ஒரு மதிப்பு உண்டு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். புகாரின் கீழே ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஒரு படகுத்துறை டிக்கெட் ஆபீஸ், 'எங்களுக்கும் நின்றுவிட்டது'. ஒரு மிருக வைத்தியர், 'நானும் அதே'. மூன்று தாள் வேண்டியிருக்கும் ஒரு மருந்துக் கிடங்கு, இன்னும் இரண்டு பேர். எல்லோரும் இத்தனை காலம் பேசாமல் பில் போட்டுக்கொண்டிருந்தவர்கள்.

"இவ்வளவு பேரா!" என்று பாப்பா திரையை நெருங்கிப் பார்த்தாள். தான் எழுதியதற்கு இத்தனை ஆள் இருப்பதைத் திட்டு வாங்கும்போதுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. என்றாலும் இனிப்பாகத்தான் இருந்தது.

வாத்து மறுபடி எழுதியது. "'அஞ்சு பேர் எனக்கும் நின்றுவிட்டது என்கிறார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்த பிரிண்டரைக் கையில் வைத்திருக்கும் ஒருவர், ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். எழுதியவரே சோதிக்கக் கூடாது. ஆள் இருந்தால் சேர்க்கிறேன், இல்லையென்றால் கிடையாது.'"

அண்ணி தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். "உங்களைத்தான் கேக்குது."

"என்னையா? நான் கடை நடத்தறேன், பண்ணை இல்ல." பிறகு, பழக்க தோஷம், "எத்தனை தடவையாம்?" என்று கேட்டுவிட்டார்.

"வருஷத்துக்கு நாலு."

"ஒண்ணு."

பாப்பா தட்டினாள். "'நாலு'ங்குது."

"ஒண்ணே அதிகம்னு சொல்லு. சரி, சோதிக்கறவர்னு பேரு போடுவாங்களாமே, அங்க கடை பேரும் போன் நம்பரும் போடட்டும். ரெண்டுக்கு வர்றேன்."

"'விளம்பரம் கிடையாது'ங்குது."

"வாத்துக்குக் கையில காசும் இல்ல, வாயில இனிப்பும் இல்ல. எதை வெச்சு வியாபாரம் பண்ணுது இது?" என்று அண்ணன் நாற்காலியைத் தள்ளி எழுந்தபோது, வாசலில் கோட்டுக்காரர் பளபளவென்று வந்து நின்றார்.

அவரிடம் எல்லாம் இருந்தது. இனிப்பு இருந்தது, படம் போட்ட புத்தகம் இருந்தது, மூன்று வருஷ உத்தரவாதம் இருந்தது. விலையும் இருந்தது. அண்ணன் முகம் மலர்ந்தது. விலை சொல்கிற மனிதரைப் பார்த்து எவ்வளவு நேரமாகிறது! ஒரே மூச்சில் அதைப் பாதிக்கு இறக்கினார். பாப்பா தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் சரி" என்றார் அண்ணன். "இந்த பிரிண்டர் ஓடும்ல?"

கோட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "ஐயோ சார், இதுவா! இதுக்கெல்லாம் எங்க கம்பெனி எப்பவோ நிறுத்திடுச்சு. புதுசு ஒண்ணு போட்டுக்கலாம், நானே தள்ளுபடில..."

"நிறுத்தும்போது யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"கேக்கறதா?"

"இந்த மாடல் வெச்சிருக்கியாப்பா, எடுத்துடட்டுமான்னு. ஒரு வார்த்தை."

"அப்படியெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க சார்."

"எங்க பாப்பா கேட்டா" என்றார் அண்ணன். "ஒரு மாசம் காத்துக்கிட்டு இருந்தா. எனக்குத்தான் காது கேக்கல." பிறகு, "இப்ப நான் ஒரு புகார் குடுத்தா உங்க கம்பெனில யாரு பதில் சொல்லுவா?"

"எங்களுக்குத் தனி டிபார்ட்மெண்ட் இருக்கு சார். எண் குடுப்பாங்க, வரிசைப்படி..."

"எங்களுக்கு வாத்து இருக்கு" என்றாள் அண்ணி.

கோட்டுக்காரருக்கு டீ கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார்கள். புத்தகத்தை மட்டும் அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்தவன் விலை தெரிந்திருப்பதில் நஷ்டமில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டுன்னு சொல்லு. விளம்பரம் வேண்டாம். கடைசி விலை."

பாப்பா தட்டினாள். மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்து யோசித்தது.

'வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்புகள். அந்த இரண்டுக்கும் தவறாமல். ம்.'

"இறங்கிடுச்சு!" என்று அண்ணன் தொடையைத் தட்டினார். "நாலுலேர்ந்து ரெண்டு! பார்த்தியா பாப்பா, சும்மா குடுக்கற ஆள்கிட்டயும் பாதிக்குப் பாதி பேசலாம்." தன் உழைப்பை முதன்முதலாகச் சும்மா கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. அண்ணிக்கு உறைத்தது. அவள் பாப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

முதல் சோதனையை இப்போதே முடித்துத் தர வேண்டும் என்றது வாத்து. வழக்கமான சோதனைத் தாளில் கோடும் கட்டமும்தான் இருக்கும். "அதெல்லாம் ஒரு தாளா?" என்று அண்ணன் அண்ணியை நகரச் சொல்லி, தானே ஒற்றை விரலால் பில் அடித்தார். பாப்பா காலையில் மேஜையில் வைத்த கிளாஸை எடுத்துப் பிரிண்டர் மேல் வைத்தாள். கிர்ர் கிர்ர். ஆறிப்போன டீ நடுங்கியது. வெள்ளையைப் படமெடுத்து வாத்துக்கு அனுப்பினார்கள். மஞ்சள் கடைக் கோப்புக்குப் போனது. ரோஸ் தாளைக் கிழித்து அண்ணன் பாப்பாவிடம் நீட்டினார். அதில் இருந்தது:

பெறுபவர்: வாத்து அவர்கள்.
பழைய வரவு: சிஸ்டம் ஒன்று, எட்டு வருஷம் ஓடியது.
இன்றைய வரவு: பிரிண்டர் டிரைவர் ஒன்று, திரும்பி வந்தது.
கொடுத்தது: சோதனைத் தாள் ஒன்று.
தள்ளுபடி: பேசி வாங்கியது, பாதிக்குப் பாதி.
தொகை: பூஜ்யம்.
பாக்கி: வருஷத்துக்கு இரண்டு தாள், பிரிண்டர் உள்ளவரை. நாம் தர வேண்டியது.