பழுப்புக் கொழுப்பை எழுப்பும் கேப்சூல்

மார்கழிக் குளிரில் திருமூர்த்திக்கு வியர்த்ததுதான் தரணியின் முதல் சந்தேகம். காலை ஏழு மணிக்குத் தெருவே ஸ்வெட்டரும் மப்ளருமாகத் திரிகையில், அவள் கணவன் வெற்றுடம்போடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எட்டாவது இட்லியைத் தின்றுகொண்டிருந்தான். சாப்பாடு கூடியிருந்தது. ஆனால் நூற்று நான்கு கிலோ இருந்தவன் இரண்டே மாதத்தில் தொண்ணூற்று இரண்டுக்கு இறங்கியிருந்தான்.

ராயபுரத்தில் அவர்களுக்குப் பனியன் துணி பின்னும் ஆறு நிட்டிங் மிஷின்கள். ஓட்டத்தை அவன் பார்ப்பான். ஓடி வரும் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது அவள் வேலை. ஒரு குறை கண்ணில் பட்டால், அதே ரோலில் இன்னொன்று இருக்கும் என்றே தேடுவாள்.

அவன் புதுச் சட்டைகள் வாங்கினான். கண்ணாடி முன்னால் அதிக நேரம் நின்றான். எது கேட்டாலும் எரிந்து விழுந்தான். யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று தரணி முடிவே கட்டிவிட்டாள். ஒரு மதியம் அவன் அசந்த நேரம் பார்த்து ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்தாள். கிடைத்தது ஒரு வெள்ளை டப்பா. மேலே மிளகாய், இஞ்சி, தேயிலைப் படங்கள். ‘பழுப்புக் கொழுப்பை எழுப்பும். நூறு சதம் மூலிகை.’ எங்கே செய்தது என்ற முகவரி மட்டும் இல்லை.

"இது என்னங்க?"

"லிங்கசாமி குடுத்தான். செடிச் சத்துதான்."

"செடிச் சத்தை எதுக்குங்க டிக்கியில ஒளிச்சு வெக்கோணும்?"

"நீ சிரிப்பேன்னுதான் புள்ள."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. லிங்கசாமி அவனோடு படித்தவன். சோமனூரில் நூல் வாங்கி விற்றவன், இப்போது கேப்சூல் விற்கிறான். மறுநாளே அவனை வீட்டுக்கு வரச் சொன்னாள்.

"ஒடம்புல ரெண்டு கொழுப்பு இருக்குதுங்க அம்மணி," என்றான் லிங்கசாமி. "வெள்ளை சேத்து வெக்கும், பழுப்பு எரிக்கும். இந்த மூலிகை பழுப்பைத் தட்டி எழுப்பி உடுதுங்க. அதான் மாப்பிள்ளைக்கு வேர்க்குது."

"அப்படீன்னா நீங்க ஒண்ணு முழுங்குங்கண்ணா. பாக்கறேன்."

ஏதாவது சாக்குச் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "நான் ஆறு மாசமாத் தின்னுட்டுத்தானுங்க இருக்கறேன்." தண்ணீர் டம்ளரைப் பிடித்திருந்த அவன் கை நடுங்கியதை அவள் கவனித்தாள். திருமூர்த்திக்கும் சோறு பிசைகையில் அப்படித்தான் விரல்கள் நடுங்கின.

பெண்சாதி சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று முறுக்கிக்கொண்டவனை அவிநாசிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா நாடியைப் பிடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நிமிடத்துக்கு நூற்று இருபத்தாறு துடிப்பு. தரணி டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"பழுப்புக் கொழுப்பு நெசந்தாங்க," என்றார் டாக்டர். "கழுத்து, தோள்பட்டைப் பக்கம் கொஞ்சம் இருக்கும். குளிர் பட்டா தானா எரிஞ்சு உடம்புக்குச் சூடு குடுக்கும். மிளகாய்க் காரம், தேயிலைச் சத்தெல்லாம் அதைத் தூண்டுதான்னு ஆராய்ச்சி நடக்குது. எலிக்குப் பலன் தெரியுது. மனுசங்களுக்குக் கிடைச்சது ரொம்பக் கொஞ்சம். ரெண்டு மாசத்துல பன்னெண்டு கிலோ அதுல எறங்கி நான் பாத்ததில்லை."

ரத்தப் பரிசோதனை முடிவு மறுநாள் வந்தது. "தைராய்டு மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றான். "உங்க ரத்தத்துல தைராய்டு சத்து அளவுக்கு மேல இருக்குங்க. அது ஏறினா வேர்க்கும், பசிக்கும், எடை எறங்கும். உங்க சுரப்பி சுரந்ததில்லை, வெளியில இருந்துதான் போயிருக்கு. அந்தக் கேப்சூலை இன்னும் கொஞ்ச நாள் சாப்பிட்டா இதயம் தாங்காது."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் திருமூர்த்தி, "அந்தம்மா வேற மாத்திரை விக்கறதுக்குச் சொல்லுதோ என்னமோ," என்றான்.

"எழுதிக் குடுத்ததைத் தின்னுங்க. சந்தேகத்தை நான் பாத்துக்கறேன்."

டப்பாவை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒப்படைத்துப் புகார் எழுதிக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து ஆய்வு முடிவு வந்தது. கேப்சூலுக்குள் மிளகாய்த்தூள் கொஞ்சம், மீதி அரிசி மாவு. அதோடு கலந்த தைராய்டு மருந்து. லிங்கசாமியை அவளே ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"என்ற ஊட்டுக்காரியும் தின்னுட்டு இருக்கறாளுங்க அம்மணி," என்றான் அவன். அவனுக்குச் சரக்கு அனுப்பியவனின் ஃபோன் அணைந்து கிடந்தது. லிங்கசாமி பொய் சொல்லவில்லை என்று அன்றுதான் நம்பினாள். அதற்கு முன்னால் இரண்டு முறை அவனை வையவும் செய்திருந்தாள். அதற்காக வருத்தமாக இருந்தது. இருவரையும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள்.

பங்குனி பிறக்கும்போது திருமூர்த்தியின் நடுக்கம் நின்றிருந்தது. எடை தொண்ணூற்று எட்டாகியிருந்தது. புதுச் சட்டைகளின் பொத்தான்கள் இழுத்துப் பிடித்தன.

ஒரு காலையில் அவன் ஃபோனை அவளிடம் நீட்டினான். வாட்ஸப்பில் வேறு பெயரில், வேறு நிற டப்பா. அதே மிளகாய், அதே இஞ்சி.

"பாரு, மறுபடியும் வந்துட்டானுக," என்றான்.

அவன் குரலில் கோபம்தான் இருந்தது. ஆனாலும் தரணி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, அதிகாரிக்குக் கொடுக்கக் கிளம்பினாள். போகும்போது, டிக்கியை ஒருமுறை பார்த்துவிட ஸ்கூட்டர் சாவியையும் எடுத்துக்கொண்டாள்.