நான்கு தெருத் தொலைவு

மேற்றிசை வானம் செவ்வொளி சிந்தி அடங்க, ஆலைகளின் புகைபோக்கிகள் ஓய்ந்து நிற்க, பணி முடித்தோர் அணியணியாய்ப் பாலம் கடந்து வீடு திரும்ப, நெருங்கிய தெருக்களில் விளக்குகள் ஒவ்வொன்றாய் மலர்ந்த மாலைப்பொழுது அது. அறிவுசால் அன்பரே, தனித்துக் கிடந்து உயிர்விடுவோர் அருகமர்ந்து, இறுதி மூச்சுவரை அவர்தம் கைபற்றியிருக்கும் அரும்பணியை, அவ்வூரில் பன்னீராண்டுகட்கு முன் ஒரு செவிலியும் ஒரு தையற்காரியும் தொடங்கினர். அப்பணிக்குப் பெயருமில்லை, தலைமையுமில்லை, அழைத்த பொழுதே எழுந்து செல்வதொன்றே நெறி.

பணி பெருக ஆட்களும் பெருகினர். ஒரு வீட்டிற்கு மூவர் சென்று முட்டிக்கொள்ள, வேறொரு வீட்டிற்கு ஒருவரும் செல்லாது விடுபட, ஒழுங்கை உயிரெனப் போற்றும் செவிலி மன்றமொன்றைப் பதிவு செய்து, ஆட்சிக்குழு அமைத்து, தானே தலைவியாகி, விதிகளைத் தன் கையாலேயே வரைந்தாள். படிவமும் குழுவின் ஒப்புதலுமின்றி மன்றத்தார் எவரும் எவ்வில்லத்திற்கும் பணிக்கெனச் செல்லலாகாது என்பது அவற்றுள் தலையாயது.

"நம்ம கூட்டம் முடியுற வரைக்கும் சாவு வாசல்ல காத்துக்கிட்டு நிக்குமாடி?" என்றாள் தையற்காரி.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யணும்னா விதி வேணும்டி."

"அப்ப நீயே நடத்திக்கோ."

அன்று விலகியவள் மூன்றாண்டுகள் முகம் காட்டவில்லை. மேற்சொன்ன மாலையில்தான் அவளுடைய அண்டைவீட்டுப் பெண் மூச்சிரைக்க மன்றத்திற்கு வந்தாள்.

"அக்கா, தையக்காரம்மா படுத்த படுக்கையா கிடக்காங்க. உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

செவிலி எழவே முனைந்தாள். எனினும், தான் வகுத்த விதியைத் தன் தோழிக்காகத் தானே மீறுவதோ என்னும் தயக்கமும், விட்டுச் சென்றவள் இன்று அழைக்கிறாளே என்னும் ஆறாத மனத்தாங்கலும் ஒருங்கே அவளை இருக்கையில் அழுத்தின.

"இந்தப் படிவத்தை எழுதிக் குடும்மா. நாளன்னைக்குக் குழு கூடுது. முதல் ஆளா எடுத்துக்கச் சொல்றேன்."

நோயாளிக்குத் தாம் என்ன உறவு என வினவிய முதல் வரியிலேயே திகைத்து நின்ற அப்பெண், எப்படியோ எழுதி நீட்டிவிட்டுப் போனாள்.

குழு கூடிற்று, ஒப்புதலும் கிடைத்தது. ஓட்டமும் நடையுமாய்ச் சென்ற செவிலி கண்டது, பாதி தைத்த சட்டைகள் தொங்கிய சிற்றறையில், நீரூற்றித் தரை கழுவிக்கொண்டிருந்த அப்பெண்ணை மட்டுமே.

"நேத்து மத்தியானமே போயிட்டாங்கக்கா."

"கூட யாரு இருந்தா?"

"நான் வேலைக்குப் போயிட்டேன். யாருமே இல்ல." துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள் அவள். "மன்றத்து ஆளை அவங்க கேக்கவே இல்லக்கா. உங்களைத்தான் கேட்டாங்க."

அடுத்த கூட்டத்தில் அவ்விதியை நீக்குமாறு வேண்டினாள் செவிலி. கண்ணீர் மல்கக் கேட்டிருந்தனர் அனைவரும். செயலர் மட்டும் ஏட்டைப் புரட்டி மென்மையாய்ச் சொன்னார்: "விதியை மாத்தணும்னா ரெண்டு கூட்டத்துல வெச்சாகணும்மா. நீங்க எழுதினதுதான்." பின்னர் இரங்கல் தீர்மானம் ஒருமனதாய் நிறைவேறிற்று.

அங்கிருந்தோர் யாவரும் நல்லவரே. அவள் வகுத்த விதிகளும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. மன்றத்தின் தலைவி செல்லத்தான் ஒப்புதல் வேண்டும். தோழி செல்வதை எந்த ஏடும் தடுத்ததில்லை. இடையே கிடந்தது நான்கு தெருத் தொலைவு மட்டுமே. அதனைக் கடவாதிருந்த கால்களைக் குனிந்து நோக்கியவாறு, அவையோர் கலைந்து சென்ற பின்னும் நெடுநேரம் அவள் அங்கேயே அமர்ந்திருந்தாள்.